மதிப்பெண் வராதபோதுதான் தெரிந்தார்கள்

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தவர்களின் வீட்டில், "படிப்புச் செலவை அவங்களே பார்த்துக்கிறாங்க, மாசா மாசம் பணமும் வருது" என்று பெருமையாகச் சொல்வார்கள். பொய்யில்லை. பணம் எதற்கு வருகிறது என்பதுதான் அந்தப் பேச்சில் விட்டுப்போகும். பல துறைகளில் அது கற்பித்தல் உதவியாளர் வேலைக்கான சம்பளம். வளாகத்தில் டி.ஏ. என்பார்கள்.

பேராசிரியர் 300 பேர் உட்காரும் அரங்கில் வாரம் இரண்டு மூன்று முறை பேசிவிட்டுப் போவார். பிறகு அதே மாணவர்கள் சிறு சிறு வகுப்புகளாகப் பிரிந்து டி.ஏ.க்களிடம் வருவார்கள். கணக்கை மறுபடி போட்டுக் காட்டுவது, லேபில் கூட நிற்பது, சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்காக அறையில் காத்திருப்பது, தேர்வு மேற்பார்வை, கடைசியில் விடைத்தாள் கட்டு. 50 கட்டுரை, ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே 16 மணி நேரத்தைத் தாண்டிவிடும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தொழிற்சங்க ஒப்பந்தம் அரைநேர டி.ஏ.வுக்குக் காலாண்டுப் பருவம் ஒன்றுக்கு 220 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. வாரத்துக்கு 20 வரும். மாணவர் விசாவில் இருப்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வேலை பார்க்கச் சட்டம் விடுவதும் அதே 20 மணி நேரம்தான். ஆய்வேட்டை மிச்ச நேரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரிக்கு இதில் பழகாத விஷயம் ஒன்று உண்டு. அவர் எழுதிய விடைத்தாள் டம்மி எண்ணோடு எங்கோ போனது; யாரோ திருத்தினார்; திருப்தியில்லை என்றால் பணம் கட்டி மறுமதிப்பீடு. திருத்தியவர் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அங்கே போன சில வாரங்களில் பத்தொன்பது வயதுப் பையன் எதிரே உட்கார்ந்து, "இதுக்கு ஏன் ரெண்டு மார்க் குறைச்சீங்க?" என்பான். பதில் சொல்லியாக வேண்டும். (கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இப்படித் திருத்தி அலுத்த டி.ஏ.க்கள் உருவாக்கியதுதான் கிரேட்ஸ்கோப் என்ற விடைத்தாள் திருத்தும் மென்பொருள். 2018-இல் டர்னிட்டின் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.)

டி.ஏ. மாணவரா, ஊழியரா? தனியார் பல்கலைக்கழக டி.ஏ.க்கள் ஊழியர்களே என்று தேசியத் தொழிலுறவு வாரியம் 2000-இல் நியூயார்க் பல்கலைக்கழக வழக்கில் சொன்னது. 2004-இல் பிரவுன் பல்கலைக்கழக வழக்கில் மாணவர்கள்தான் என்றது. 2016-இல் கொலம்பியா வழக்கில் மீண்டும் ஊழியர்கள். கிளின்டன், புஷ், ஒபாமா என்று ஆட்சி மாற மாற வாரியத்தின் உறுப்பினர்கள் மாறினார்கள். விடைத்தாள் கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

வாரியத்தின் தீர்ப்புகளைவிட, மதிப்பெண் பட்டியல் இதற்குத் தெளிவான பதில் சொன்னதாக எனக்குப் படுகிறது. 2019 டிசம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்து டி.ஏ.க்கள், வாடகை கட்டி மாளவில்லை, மாதம் 1,412 டாலர் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டு, பருவ இறுதி மதிப்பெண்களைப் பதிவேற்ற மறுத்தார்கள். நடப்பிலிருந்த ஒப்பந்தம் வேலைநிறுத்தத்தைத் தடுத்ததால் இது சங்கத்தின் ஒப்புதல் இல்லாத போராட்டம். 2020 பிப்ரவரி இறுதியில் 80 பேரளவில் அடுத்த பருவ வேலையைப் பறிகொடுத்தார்கள். பலரைப் பின்னால் திரும்ப எடுத்துக்கொண்டது வேறு கதை. வெளிநாட்டு மாணவருக்கு அந்த வேலையிழப்பு வெறும் சம்பள வெட்டு அல்ல. வேலை போனால் கட்டண விலக்கு போகும். கட்டணம் கட்ட முடியாவிட்டால் பதிவு போகும். பதிவு இல்லாமல் விசா நிற்காது.

2022 நவம்பர் 14 அன்று அதே பல்கலைக்கழகத்தின் 10 வளாகங்களிலும் 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை சங்கம் முன்னால் நின்றது. அது கார்த் தொழிலாளர் சங்கம்! டெட்ராய்ட் ஆலைத் தொழிலாளியும் இடைக்கால இலக்கியம் படிப்பவரும் அதில் ஒரே உறுப்பினர் பட்டியல். பருவத் தேர்வு நெருங்க நெருங்க, திருத்த ஆளில்லாமல் பேராசிரியர்கள் தேர்வை மாற்றினார்கள், சிலர் ரத்தே செய்தார்கள். டிசம்பர் 23-இல் ஒப்பந்தம் நிறைவேறியது. ஆண்டுக்கு 23,000 டாலரை ஒட்டியிருந்த டி.ஏ. குறைந்தபட்சச் சம்பளம் 2024 அக்டோபருக்குள் 34,000 ஆக வேண்டும் என்று முடிவானது.

கதை கிழக்குக் கரையில் வேறு மாதிரிப் போனது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏழு மாதத்தை நெருங்கிய வேலைநிறுத்தம் 2024 அக்டோபரில் சம்பள உயர்வோடு முடிந்தது. அடுத்த மாதமே, கலை, சமூக அறிவியல் துறைகளைச் சேர்ந்த சுமார் 12 பிரிவுகளில் அடுத்த கல்வியாண்டுக்கு முனைவர் பட்டச் சேர்க்கை கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. புதிய ஒப்பந்தத்தால் ஏறிய செலவும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.