சிற்றலையிலிருந்து கைபேசிக்கு: பிபிசி உலக சேவை மாறிய விதம்

பிபிசி உலக சேவை 1932 டிசம்பரில் ‘எம்பயர் சர்வீஸ்’ என்ற பெயரில் தொடங்கியபோது, அது பேசியது ஆங்கிலம் மட்டுமே. 1938இல் அரபு, 1941இல் தமிழ், 1957இல் ஹவுசா என மற்ற மொழிகள் பின்னர் சேர்ந்தன. எல்லாவற்றையும் சுமந்தது சிற்றலை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அந்த அலை நாட்டெல்லைகளை எளிதில் கடந்துவிடும். கேட்கும் நாட்டின் உரிமமும் அதற்குத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலோ நைஜீரியாவின் கானோவிலோ ஒருவர் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகினால் போதும், லண்டன் பேசும்.

உள்ளூர்ப் பண்பலை, செயற்கைக்கோள் தொலைக்காட்சி, கடைசியாகக் கைபேசி என ஒவ்வொன்றாக வர, சிற்றலை கேட்போர் குறைந்தார்கள். பணமும் நெருக்கியது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் தந்துவந்த நிதி குறைக்கப்பட்டதால் 2011இல் ஐந்து மொழிச் சேவைகளை மூடும் முடிவு வந்தது. 2014 ஏப்ரலில் உலக சேவையின் செலவு பிரிட்டன் மக்கள் கட்டும் தொலைக்காட்சிக் கட்டணத்தின் தலையில் ஏறியது.

அதே ஆண்டில் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியது. எது நோயின் அறிகுறி, எது வதந்தி என்று மக்களுக்குத் தெரிவது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பிபிசி அக்டோபரில் வாட்ஸ்அப் வழியாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தகவல் அனுப்பத் தொடங்கியது. எழுத்தோடு ஒலித்துணுக்குகளும் படங்களும் போனதால் படிக்கத் தெரியாதவரும் பயன்பெற முடிந்தது. மக்கள் ஏற்கெனவே புழங்கும் இடத்துக்குச் செய்தியைக் கொண்டுபோக வேண்டும் என்ற பாடம் இங்கே உறுதிப்பட்டது.

2015 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு 28.9 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தது. அதைக் கொண்டு 11 புதிய மொழிகள் திட்டமிடப்பட்டன. தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, கொரியன் தவிர மற்ற ஆறும் ஆப்பிரிக்காவில் பேசப்படுபவை: அம்ஹாரிக், ஒரோமோ, திக்ரிஞ்ஞா, இக்போ, யொருபா, பிட்ஜின். பெருகும் இளைய மக்கள்தொகையும் பரவும் கைபேசியும் அந்தக் கண்டத்தைப் புதிய களமாக்கின. இவற்றில் பிட்ஜின் தனிக்கதை. ஆங்கிலத்தை அடியாகக் கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானோர் பேசும் அந்த மொழிக்குச் சீரான எழுத்துமுறை இல்லை. 2017 ஆகஸ்டில் இணையச் சேவையைத் தொடங்கிய ஆசிரியர் குழு, எழுத்துக்கூட்டலைத் தானே வகுத்துக்கொண்டது.

சமூக ஊடகம் சொல்லும் முறையையும் மாற்றியது. ஓசையின்றி ஓடும் காணொளிக்குத் திரையெழுத்து வேண்டும். நெட்டுவாக்கில் பிடித்த கைபேசிக்குச் சட்டகம் மாற வேண்டும். ஆனால், சுருக்கினால்தான் செல்லுபடியாகும் என்பது தவறு. 2018 ஜூலையில், கேமரூனில் இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் சுட்டுக்கொல்லப்படும் காணொளி இணையத்தில் பரவியது. அது பொய் என்றது அந்நாட்டு அரசு. பிபிசியின் ‘ஆப்பிரிக்கா ஐ’ குழு, காணொளியில் தெரிந்த மலைமுகட்டின் வடிவத்தைச் செயற்கைக்கோள் படங்களோடு பொருத்தி இடத்தைக் கண்டது. கட்டடங்களையும் நிழல்களையும் வைத்துக் காலத்தைக் கணித்தது. முடிவுகளை அந்த ஆண்டு செப்டம்பரில் ட்விட்டரில் தொடர்பதிவுகளாக, ஒவ்வொரு சான்றையும் காட்டி வெளியிட்டது. உலகெங்கும் அது படிக்கப்பட்டது. பொறுமையாக அடுக்கப்பட்ட ஆதாரத்துக்குச் சமூக ஊடகத்திலும் வாசகர் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழில் மாற்றம் வலியோடு வந்தது. ஈழப்போர் ஆண்டுகளில் இலங்கைத் தமிழர் மாலைதோறும் காத்திருந்து கேட்ட பிபிசியின் தமிழ் நிகழ்ச்சியான தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றது. பண்பலைக்கு மாறவும் வழி குறுகல்: இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தர அனுமதி இல்லை. இலங்கையில் அரசு வானொலி வழியே மறு ஒலிபரப்பான தமிழ், சிங்கள நிகழ்ச்சிகளில் குறுக்கீடு நடந்ததால், 2009 பிப்ரவரியில் பிபிசியே அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. ஆகவே இணையத்தளம், யூடியூப், ஃபேஸ்புக் என்று தமிழ்ச் சேவை நகர்ந்தது. அங்கும் விதிகள் உண்டு. இணையச் செய்தியில் அந்நிய முதலீடு 26 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இந்தியா வரையறுத்தது. அதன் விளைவாக 2024 ஏப்ரல் முதல், முன்னாள் பிபிசி ஊழியர்கள் நடத்தும் ‘கலெக்டிவ் நியூஸ்ரூம்’ என்ற இந்திய நிறுவனம் தமிழ் உள்ளிட்ட ஆறு இந்திய மொழிச் செய்திகளைத் தயாரித்துத் தருகிறது.

சிற்றலையை விட்டதில் ஓர் இழப்பு உண்டு. அதைப் பேசாமல் விடக்கூடாது. வாட்ஸ்அப்பும் யூடியூபும் பிறருடைய வீடுகள். எந்தப் பதிவு யார் கண்ணில் படும் என்பதை அவற்றின் கணிநிரல் முடிவுசெய்கிறது. ஓர் அரசு உத்தரவிட்டால் மறைந்தும் போகும். உக்ரைன் போர் வெடித்த பின், 2022 மார்ச்சில் ரஷ்யா பிபிசி இணையத்தளத்தை முடக்கியது. உக்ரைனுக்கும் ரஷ்யாவின் சில பகுதிகளுக்கும் நாளுக்கு நான்கு மணிநேரம் ஆங்கிலச் செய்தியைக் கொண்டுசேர்க்க, ஓரங்கட்டப்பட்ட சிற்றலையே திரும்ப வர வேண்டியிருந்தது. அரபு வானொலி 85 ஆண்டுகளுக்குப் பின் 2023 ஜனவரியில் மூடப்பட்டது. ஏப்ரலில் சூடானில் போர் மூண்டது. மே மாதம் அந்நாட்டு மக்களுக்காக அவசர அரபு வானொலிச் சேவை ஒன்றைப் பிபிசி தொடங்கியது, அதுவும் சிற்றலையில்.