அடுப்படியில் பின்னக் கணக்கு

தலைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். தொடக்கப் பள்ளி மதிய உணவுக்கு மத்திய அரசு வகுத்த அளவு இது. வகுப்பில் 28 பேர் என்றால் அரிசி 2.8 கிலோ, பருப்பு 560 கிராம். இருவர் வரவில்லையா? கழிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் அரிசி என்பதால் விகிதம் 2:3. இத்தனை கணக்கும் பள்ளிப் பாத்திரத்தில் வெந்துகொண்டிருக்க, பத்தடி தள்ளிக் கரும்பலகையில் யாரோ இரண்டு குழாய்களால் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

யோசனை பழையதுதான். 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரமே வேலை வழியாகப் பாடம் என்பது. சேவாகிராமத்தில் அதை நடத்திக் காட்டியவர்கள் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும். நூற்பு, தோட்டம் இவற்றோடு சமையலறையும் அங்கே பாடமானது. இடையில் நின்றுபோன பள்ளி 2005இல் ஆனந்த நிகேதன் என்ற பெயரில் மீண்டும் துவங்கியது.

பலன் முதலில் தெரிவது பின்னத்தில். நான்கு இரண்டைவிடப் பெரிது, எனவே காலும் அரையைவிடப் பெரிது என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். கால் டம்ளர் நீரை இரண்டு முறை ஊற்றி அரை டம்ளர் ஆவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழப்பம் நீடிப்பதில்லை. நால்வருக்கு இரண்டு டம்ளர் அரிசி என்றால் பத்துப் பேருக்கு ஐந்து. இரண்டரை மடங்கு என்பதைப் பாத்திரமே சொல்லிவிடுகிறது. பெருக்கக் கூடாத இடமும் அங்கேதான் புரிகிறது. ஒரு முட்டை பத்து நிமிடத்தில் வேகிறது; ஐந்து முட்டைகளுக்கு ஐம்பது நிமிடம் என்று எழுதும் பையனை அடுப்பு சிரிக்க வைத்துத் திருத்திவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் மனக்கணக்காகவே சில்லறை எண்ணித் தரும் சிறுவர்கள், பள்ளிப் பாணிக் கணக்கைத் தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். ஆகவே சாப்பிட்டுக் கைகழுவினால் கணக்கு வந்துவிடாது. இரண்டு டம்ளர் ஐந்தானது எப்படி என்பதை அன்றே நோட்டில் எழுத வைக்க வேண்டும். பல பள்ளிகளில் இந்தக் கட்டம்தான் விடுபட்டுப் போகிறது.

நெருப்பருகே குழந்தைகளை விட ஆசிரியர்கள் அஞ்சுவது நியாயமே. நகரப் பள்ளிகள் பலவற்றுக்குச் சாப்பாடு வேனில் வருவதால் அடுப்பே கிடையாது. ஊறவைத்த அவலுக்கும் முளைகட்டிய பயறுக்கும் எலுமிச்சைச் சாறுக்கும் அடுப்பு எதற்கு? ஒரு தராசும் இரண்டு டம்ளரும் போதும். சமையல் என்றதும் பெண்பிள்ளைகளை மட்டும் கூப்பிடாமல் பையன்களையும் உட்கார வைத்தால், வகுப்பின் மறுபாதியும் கணக்கு கற்கும்.