தைரொயிட் சுரப்பியும் உடற் பருமனும்

"உண்பதோ கையளவு, உடம்போ குறைந்தபாடில்லை" என ஏங்கும் பெண்மணிகள் நம்மிடையே உளர். அவர்களை நாம் பெருந்தீனிக்காரரென ஏளனஞ் செய்தல் தகாது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சோர்வுற்றால், உடல் சக்தியைச் செலவிடும் வேகம் தணியும். உப்பும் நீரும் உடலில் தங்கும்.

ஆயினும் இதனால் ஏறும் நிறை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரையே. தைரொட்சின் மாத்திரை அதனைக் குறைக்கக்கூடும். எஞ்சியதற்கு அளவான உணவும் அன்றாட நடையுமே வழி. மாத்திரையை வெறுவயிற்றில் நீருடன் விழுங்கி, ஒருமணி நேரங் கழித்தே தேநீர் அருந்துதல் நன்று. மெலியும் ஆசையால் அளவை மிகுத்தால் இதயத்துக்கும் எலும்புக்கும் கேடு விளையும்.

6 முதல் 8 வாரங்களில் இரத்தத்தைச் சோதித்து வைத்தியரே அளவை நிர்ணயிப்பார். அதுவரை வீட்டாராகிய நாம் பொறுமையுடன் துணைநிற்போமாக.