இரண்டாவது ஐடி

பதின்ம வயதுப் பிள்ளைகள் பலருக்கு இன்ஸ்டாகிராமில் இரண்டு ஐடி உண்டு. முதலாவதில் சித்தப்பா, அத்தை, டியூஷன் சார் எல்லோரும் ஃபாலோயர்கள். பொங்கல் பட்டுப்பாவாடையும் ஆண்டுவிழாக் கோப்பையும்தான் அதில் இருக்கும். இரண்டாவது பிரைவேட். நெருங்கிய நண்பர்களைத் தவிர யாருக்கும் அங்கே இடமில்லை. அழுது வீங்கிய முகம், கணக்கு சார் மேல் கோபம், பாதியில் விட்ட பாட்டு எல்லாம் அங்கேதான்.

இதைக் கண்டதும் பெற்றோர் பதறுகிறார்கள். 'நான் யார்' என்று தேடுவதே இந்த வயதின் வேலை என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் எப்போதோ எழுதிவிட்டார். ஒருகாலத்தில் ஆட்டோகிராஃப் நோட்டிலும், அட்டையில் ஒட்டிய நடிகர் படத்திலும் நடந்த தேடல் இப்போது பயோவிலும் டிபியிலும் நடக்கிறது. ஆனால், அந்த நோட்டு அட்டையை வைத்து யாரும் சம்பாதிக்கவில்லை.

இன்று எந்த ரீலில் விரல் எத்தனை நொடி நின்றது என்று பார்த்துத்தான் அடுத்த ரீல் வருகிறது. உடம்பைக் குறைக்கும் வீடியோவில் ஒரு சிறுமி சற்றே நின்றால், அதே வகையில் வரிசையாக வரும். ஃபேஸ்புக்கின் உள் ஆய்வுகள் 2021-இல் வெளியாயின. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திய பதின்ம வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னது அவற்றில் இருந்தது. நிறுவனத்துக்கு இது தெரிந்தே இருந்தது.

18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றுவிட்டது. இரண்டாவது ஐடி தொடங்கத் தெரிந்த பிள்ளைக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போடவா தெரியாது?

அந்தப் பொய்யைப் பல வீடுகளில் பெற்றோரே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. பதின்ம வயதினரின் கணக்கை இன்ஸ்டாகிராம் தானாகவே பிரைவேட் ஆக்குகிறது. அறிமுகமில்லாதவர்களின் மெசேஜைத் தடுக்கிறது. இந்தியாவில் 2025 பிப்ரவரியில் வந்த ஏற்பாடு இது. 2011-இல் பிறந்த பிள்ளை 2005 என்று போட்டால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

பெரிய ஆபத்து இன்பாக்ஸில் வருகிறது. பழகிப் பேசி வாங்கிய படமாக இருக்கலாம்; டிபியை எடுத்து மார்ஃப் செய்ததாகவும் இருக்கலாம். "உங்க அப்பாவுக்கு அனுப்பவா?" என்ற ஒரு வரி போதும். போனைப் பிடுங்குவார்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள் என்ற பயத்தை நம்பித்தான் மிரட்டுபவன் பிழைக்கிறான். அந்தப் பயத்தை விதைத்தது பெரும்பாலும் வீடுதான்.

பணம் கொடுக்கக் கூடாது. சாட்டை அழிக்கவும் கூடாது. ஸ்கிரீன்ஷாட்டோடு அவனுடைய புரொஃபைல் லிங்க்கையும் சேமியுங்கள். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகளுக்கு 1098. தேசிய சைபர் குற்றத் தளத்தில், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையில் படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், அதை வைத்து அதில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைத் தேடி நீக்கும். 18 வயதுக்குக் கீழுள்ளவரின் ஆபாசப் படத்தைப் பரப்புபவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

'போலீஸுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும்' என்று தயங்குபவர்கள், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தை ஒருமுறை பார்க்கலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிட்டால் அதுவே குற்றம்.