புதுக் கோழி வந்தது. பழைய கோழி போச்சு!

வீட்டில் கோழி வளர்ப்பவர்களே, உஷார்!

வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தை. கூடைக்குள் ஒரு பெட்டைக் கோழி. பளபளவென்று இறகு. வீட்டுக்கார அம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"இது வந்தா முட்டை கூடும்" என்று கணக்குப் போட்டார். பேரம் முடிந்தது. காலைக் கட்டி, பையில் வைத்து, பஸ் ஏறி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலமே புதுக் கோழியைப் பழைய கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு பழைய கோழி தூங்கி வழிந்தது. இரை எடுக்கவில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மறுநாள் இன்னொரு கோழிக்குக் கழுத்து திருகிக்கொண்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கூடு காலி!

வாங்கியது ஒரு கோழி. போனது ஆறு கோழி!

இதை ஏதோ ஒரு வீட்டின் கதை என்று நினைக்காதீர்கள். தடுப்பூசி போடாத கூட்டுக்குள் வெள்ளைக் கழிச்சல் நுழைந்தால் எந்த வீட்டிலும் நடப்பது இதுதான்.

மருந்தே கிடையாது

வெள்ளைக் கழிச்சலுக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ராணிக்கெட் நோய். ராணிக்கெட் என்பது ராணியும் அல்ல, கேட்டும் அல்ல. இமயமலைச் சாரலில், இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தில் இருக்கும் ஒரு ஊர். 1920-களின் கடைசியில் இந்த நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. ஊர்ப் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் இதை "நியூகாசில் நோய்" என்பார்கள். அங்கே 1926-ல் தலை காட்டியது.

வந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து கிடையாது. வருமுன் தடுக்க ஊசி உண்டு. அவ்வளவுதான்.

இதில் மோசம் என்னவென்றால், கிருமி உள்ளே போனதும் நோய் தெரியாது. 5, 6 நாள் கழித்துத்தான் தெரியும். சில சமயம் 15 நாள்கூட ஆகும். அதனால்தான் சந்தையில் ஜோராக நிற்கிற கோழி, வீட்டுக்கு வந்தபின் விழுகிறது. "விற்றவன் ஏமாத்திட்டான்" என்று திட்டிப் பயன் இல்லை. அவருக்கே தெரிந்திருக்காது!

வாங்கும்போதே பாருங்கள்

கோழியைக் கையில் எடுங்கள். விற்பவர் தூக்கிக் காட்டினால் போதாது. நீங்களே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கண் பளிச்சென்று இருக்கிறதா? மூக்கில் சளி இல்லையா? கொண்டை சிவப்பாக இருக்கிறதா? கொண்டையிலும் முகத்திலும் மரு மாதிரி கொப்புளம் இருந்தால் அது அம்மை. வேண்டாம்.

வாலைத் தூக்கிப் பாருங்கள். எச்சம் ஒட்டிக்கொண்டு அழுக்காக இருந்தால் வயிறு சரி இல்லை. இறகை விலக்கிப் பாருங்கள். பேன், செள்ளு ஓடினால் அது உங்கள் கூட்டுக்கும் குடிவரும். கால் செதில் வழவழப்பாக இருந்தால் இளம் கோழி. செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் வயசான கோழியாக இருக்கலாம். அல்லது காலில் பூச்சி இருக்கலாம்.

முட்டை இடுகிற பெட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முட்டை வரும் வாய்க்கு இரண்டு பக்கமும் சின்ன எலும்பு கைக்குத் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் அது முட்டைக் கோழி. ஒரு விரல்தான் நுழைகிறதா? இப்போது முட்டை இல்லை!

எந்த ஜாதி?

நாட்டுக் கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை போடும். அடை காக்கும். பருந்து வந்தால் ஓடி ஒளியத் தெரியும். "முட்டைதான் வேணும்" என்றால் கிராமப்ரியா போன்ற கலப்பு ரகங்கள் உண்டு. முட்டை அதிகம், ஆனால் அடை உட்காருவது அபூர்வம்.

பண்ணையில் கழித்த வெள்ளைக் கோழி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் வாங்குகிறார்கள். அது பிறந்தது முதல் கம்பிக் கூண்டில் இருந்த ஜீவன். ஒன்றரை வருஷம் முட்டை போட்டு ஓய்ந்தது. அலகு நுனியையும் வெட்டியிருப்பார்கள். மண்ணைக் கிளறவும் தெரியாது, சண்டை போடவும் தெரியாது. நாட்டுக் கோழிகள் நடுவே விட்டால் அதன் பாடு திண்டாட்டம்தான்!

தெருவில் விற்கும் கலர் குஞ்சு? பச்சை, ரோஸ் சாயம் போட்ட அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் சேவல். முட்டைப் பண்ணைக்கு வேண்டாத ஆண் குஞ்சுகள். முட்டைக்குக் காத்திருக்காதீர்கள்!

ஒரு மாதம் தனி ஜாகை

வாங்கியாயிற்று. வீட்டுக்கு வந்தாயிற்று. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

புதுக் கோழியைக் கூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம் தனியாக வையுங்கள். தனித் தட்டு, தனித் தண்ணீர்ச் சட்டி. பழைய கோழிகளுக்கு முதலில் இரை போடுங்கள். புதுசுக்குக் கடைசியில். பிறகு கை, கால் கழுவுங்கள். செருப்பிலே ஒட்டிய எச்சமும் நோயைக் கொண்டுபோகும்.

"குடியிருக்கவே இடம் இல்லை. கோழிக்குத் தனி இடம் எங்கே சார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். மொட்டை மாடியில் நிழலாக ஒரு மூலை போதும். கோழி இல்லாத சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை போதும். அதற்கும் வழி இல்லையா? அப்படியானால் கோழி வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். ஒன்றும் குடிமுழுகாது.

தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் பாருங்கள். குஞ்சாக இருக்கும்போது சொட்டு மருந்து, 8 வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். காசு கிடையாது. மற்ற மாதங்களில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஊசி போட்ட மறுநாளே பலம் வந்துவிடாது. இரண்டு வாரமாவது ஆகும். ஆகவே பழைய கோழிகளுக்கு ஊசி போட்டுவிட்டுப் புதுசு வாங்கப் போவதுதான் புத்திசாலித்தனம்.

கோழிக்கும் பதவி உண்டு!

ஒரு மாதம் ஆயிற்று. நோய் இல்லை. இப்போது அவிழ்த்து விடலாமா?

கூடாது! அடிதடி நடக்கும்.

ஆபீசில் மானேஜர், ஹெட்கிளார்க், பியூன் என்று வரிசை இருப்பது போலக் கோழிக் கூட்டத்திலும் வரிசை உண்டு. பெரிய கோழி அடுத்ததைக் கொத்தும். அது அதற்கு அடுத்ததைக் கொத்தும். கடைசிக் கோழிக்கு எல்லார் கையிலும் கொத்து. நார்வே நாட்டுக்காரர் ஷெல்டெரூப் எப்பே சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்துக் குறிப்பு எழுதியவர். இந்தக் "கொத்து வரிசை"யை அவர் 1921-ல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

புதுக் கோழி நுழைந்தால் எல்லார் நாற்காலியும் ஆடுகிறது. விடுமா? அதனால்தான் கொத்துகின்றன.

ஒற்றைக் கோழியைக் கொண்டுபோய் விட்டால் எல்லாக் கொத்தும் அதன் தலையில் விழும். ஆகவே இரண்டு, மூன்றாக வாங்குங்கள். பழைய கோழிகளின் அளவே இருக்கட்டும். குஞ்சு வைத்திருக்கும் தாய்க் கோழி இருந்தால் இப்போது சேர்க்கவே வேண்டாம். அது யாரையும் கிட்டே விடாது.

பஞ்சாரம் இருக்கப் பயம் ஏன்?

இதற்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பஞ்சாரமே போதும். முற்றத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, புதுக் கோழிகளை உள்ளே விடுங்கள். பழையவை சுற்றி மேயட்டும். ஒன்றை ஒன்று பார்க்கலாம், கொத்த முடியாது. ஒரு வாரம் முதல் பத்து நாள் இப்படிப் பழக்குங்கள். வெயில் ஏறினால் நிழலுக்கு மாற்ற வேண்டும். தண்ணீர் மறக்கக் கூடாது.

பிறகு ஒரு நாள் ராத்திரி, பழைய கோழிகள் அடைந்த பிறகு, புதுசுகளைச் சத்தம் இல்லாமல் கூட்டுக்குள் விடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. சண்டை போடாது.

விடிந்ததும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இதுதான் முக்கியம். இரண்டு, மூன்று இடத்தில் இரையும் தண்ணீரும் வையுங்கள். ஒரே தட்டு என்றால் புதுக் கோழி பட்டினிதான். ஓடி ஒளிய ஒரு பழைய பலகையைச் சாய்த்து வையுங்கள்.

கொஞ்சம் கொத்துவது சகஜம். குறுக்கே போகாதீர்கள். ஆனால் ரத்தம் கண்டால் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் கோழி விடாமல் கொத்தும், கொன்றே போட்டுவிடும். காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு, ஆறிய பிறகு விடுங்கள்.

ரவுடிக்குத் தண்டனை

ஒரே கோழி விரட்டி விரட்டி அடிக்கிறதா? அடிபட்டதைப் பிரிக்காதீர்கள், ரவுடியைப் பிடித்துப் பஞ்சாரத்தில் போடுங்கள். இரண்டு, மூன்று நாள் காவல். திரும்பி வரும்போது அதன் நாற்காலியில் வேறு கோழி உட்கார்ந்திருக்கும். கொட்டம் அடங்கிவிடும்!

ஒன்றிரண்டு வாரத்தில் எல்லாம் ஒன்றாக மேயும். இடம் மாறிய அதிர்ச்சியில் புதுக் கோழி சில நாள் முட்டை இடாமல் இருக்கலாம். அவசரப்பட்டுக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்!

முட்டைக் காசு சின்னக் காசுதான். ஆனால் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீர்ச் செலவுக்குப் பத்து இருபது எல்லாம் பல வீட்டில் அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கூடு ஒரே வாரத்தில் காலியாக வேண்டுமா?

அடுத்த சந்தைக்குப் போகுமுன் வீட்டில் இரண்டாவது பஞ்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், முதலில் பஞ்சாரம் வாங்குங்கள். கோழி அப்புறம்!