காயமுற்ற கோழியைப் பேணுதல்

நாயோ கீரியோ கடித்த கோழியை உடனே தனியே பிரித்தல் வேண்டும். குருதியின் செந்நிறத்தைக் கண்ட ஏனைய கோழிகள் அப்புண்ணையே கொத்திக் கொன்றுவிடக்கூடும்.

புண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்து, ஒரு போத்தல் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவுக. பின்னர் வைக்கோல் பரப்பிய கூடையில் விட்டு, நுளம்புவலையால் மூடிக் காற்றோட்டமுள்ள அமைதியான இடத்தில் வைக்க. ஈ முட்டையிட்டால் ஒரு நாளிலேயே புழுக்கள் தோன்றலாம். ஆதலாற் காலையும் மாலையும் புண்ணைப் பார்வையிடுதல் அவசியம். முதலில் நீரும், பின்னர் நனைத்த தவிடும் சிறிது சிறிதாகக் கொடுக்க.

எலும்பு முறிவு, ஆழ்ந்த கடி, துர்நாற்றம் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதியாது மிருக வைத்தியரை நாடுக. அவர் மருந்து கொடுப்பின், அவர் குறிக்கும் நாள்வரை முட்டையை உண்ணலாகாது.

புண் முற்றாக ஆறியபின், கோழிகள் அடையும் மாலை வேளையிற் கூட்டிற் சேர்க்க.