மலிவான பகலும் பூட்டிய வீடும்

நேரத்துக்கு ஒரு விலை என்ற மின்கட்டணம் தொழிற்சாலையைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பகலில் ஆளில்லாத வீடுகளுக்கு இதனால் லாபமா, நஷ்டமா?

மாலை ஆறரை மணி. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், சந்தாபுரா சந்திப்பில் பேருந்துகளும் கம்பெனி வேன்களும் ஆட்களை இறக்கிவிடுகின்றன. பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பகல் ஷிப்டு முடித்தவர்கள் வீடு திரும்பும் நேரம். பகல் முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கு எரிகிறது. மிக்ஸி ஓடுகிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் உறுமத் தொடங்குகிறது. நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டாக வேண்டும். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர் அதற்கும் ஒரு பிளக் தேடுகிறார்.

ஒரு குடும்பம் குடும்பமாக வாழ்வது இந்த நான்கு மணி நேரத்தில்தான். ஆனால் மின்துறையின் கணக்கில் மின்சாரம் செலவிடக் கூடாத நேரமும் இதுதான்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய ஒளி நேரம் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கும் எட்டு மணி நேரத்துக்கு வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் சலுகை தரவேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதமும், வணிக, தொழில் நிறுவனங்களுக்குக் குறைந்தது 20 சதவீதமும் கூடுதலாக வாங்க வேண்டும். 10 கிலோவாட்டும் அதற்கு மேலும் தேவைப்படும் வணிக, தொழில் நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரல் முதலும், விவசாயம் நீங்கலாக மற்ற அனைவருக்கும் 2025 ஏப்ரல் முதலும் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்று தேதியும் குறிக்கப்பட்டது. நேரம் பார்த்துப் பதிவு செய்யும் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் இது நடக்கும். பழைய மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பது மட்டுமே தெரியும்; எப்போது என்பது தெரியாது.

தமிழ் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தது. மின்கட்டணத்துக்கு மூன்று போதும்: மலிவு, வழக்கம், உச்சம்.

இரவு போய்ப் பகல் வந்தது

மின்சாரத்துக்கு நேரம் பார்த்து விலை வைப்பது தொழிற்சாலைகளுக்குப் புதிதல்ல. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகள் உச்ச நேரத்தில் கூடுதலாகக் கட்டியும் இரவில் சலுகை பெற்றும் பழகியவை. அனல்மின் நிலையத்தை இரவில் அணைத்துக் காலையில் மீண்டும் மூட்டுவது எளிதல்ல. அதனால் ஊர் தூங்கும்போது உற்பத்தியாகும் மின்சாரத்தைத் தள்ளுபடி விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இந்தக் கணக்கை மாற்றியது சூரியன். சந்தாபுரா இருக்கும் அதே மாநிலத்தில், தும்கூர் மாவட்டத்தின் வறண்ட பாவகடாவில், விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்த சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா நிற்கிறது. நாட்டின் மொத்த சூரிய மின் திறன் 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. வெயில் உச்சிக்கு ஏறும்போது மின்சாரம் வழிகிறது. மாலையில் வெயில் இறங்கும் அதே நேரத்தில் வீடுகள் விழித்துக்கொள்கின்றன. 2025 மே மாத ஞாயிறு ஒன்றில், மின்சந்தையின் நிகழ்நேர விற்பனையில் பகல் விலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது. தட்டுப்பாடு வரும் மாலைகளில் அதே சந்தையில் விலை, உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாயைத் தொடுவதுண்டு. வாங்கும் மின்வாரியத்துக்குப் பகல் வேறு விலை, மாலை வேறு விலை. வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் ஒரே விலை என்பதுதான் கேள்வி.

கேள்வி நியாயமானது. சிக்கல் பதிலில் இருக்கிறது.

53 ரூபாய்க் கணக்கு

கர்நாடகத்தில் 2024 ஏப்ரல் முதல் வீட்டு இணைப்புகளுக்கு அடுக்குக் கட்டணம் போய், எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலையாக 5 ரூபாய் 90 காசு வந்தது. அந்த விலையில் மத்திய விதியின் குறைந்தபட்ச விகிதங்களைப் பொருத்திப் பார்த்தால், மாலை உச்ச நேரத்தில் ஒரு யூனிட் 6 ரூபாய் 49 காசு. பகலில் 4 ரூபாய் 72 காசு. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் வைத்தால் ஒரு யூனிட். தினமும் ஒரு யூனிட்டை மாலையிலிருந்து பகலுக்கு மாற்றினால் மாதம் 53 ரூபாய் மிச்சம்.

ஆனால் மாற்ற முடியாதவர்? மாதம் 250 யூனிட் செலவிடும் ஒரு வீட்டில் 120 யூனிட் மாலையிலும் 20 யூனிட் மட்டும் பகலிலும் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலைக்காகக் கூடுதலாகக் கட்டுவது சுமார் 71 ரூபாய். பகல் சலுகையில் திரும்பக் கிடைப்பது சுமார் 24 ரூபாய். எந்தத் தவறும் செய்யாமல், வேலைக்குப் போய் வந்ததற்காக மாதம் 47 ரூபாய் அதிகம். தொகை சிறிதுதான். ஆனால் பகலில் வீட்டில் இருப்பவரும், தானியங்கித் துணி துவைக்கும் இயந்திரம் வைத்திருப்பவரும் சலுகை பெற, ஷிப்டுத் தொழிலாளி அபராதம் கட்டுவது என்ற ஏற்பாடு சிறியதல்ல.

இரு மாநிலங்கள் இரு வழிகளில் போயிருக்கின்றன. கேரளம் 2025 ஜனவரி முதல், மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகளுக்குக் காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைத்தது. மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் ஏற்றியது. சிறிய வீடுகளைத் தொடவில்லை. மகாராஷ்டிர மின்விநியோக நிறுவனம் 2025 ஜூலை முதல், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை யூனிட்டுக்கு 80 காசு தள்ளுபடி தரத் தொடங்கியது. ஒன்றில் பரிசும் தண்டனையும் சேர்ந்து வந்தன. மற்றதில் பரிசு முன்னால் வந்தது.

கர்நாடகத்தில் இன்னொரு முடிச்சு. 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருக ஜோதி திட்டத்தில், 2022-23ல் செலவிட்ட சராசரி அளவோடு சிறிது கூட்டி, மாதம் 200 யூனிட்டுக்கு மிகாமல், மின்சாரம் இலவசம். அந்த வரம்புக்குள் இருப்பவருக்கு பில் பூஜ்யம். பூஜ்யத்தில் 20 சதவீதம் தள்ளுபடி செய்தாலும் பூஜ்யம்தான். அவர் மோட்டாரைப் பகலில் போட்டால் மிச்சமாவது மானியம் கொடுக்கும் அரசின் பணம். அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஒரே மீட்டரில் பல குடித்தனங்கள் இருக்கும் இடங்களில், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசி வாங்கும் வாடகைதாரருக்கும் இதே கதைதான். மீட்டரின் கடிகாரம் அவர் காதில் விழுவதே இல்லை.

காத்திருக்கத் தெரிந்தவை

வீட்டுச் சாதனங்களில் இரண்டு ரகம் உண்டு. விளக்கு, மின்விசிறி, மிக்ஸி, பிள்ளைகள் படிக்கும் மேசை விளக்கு ஆகியவை காத்திருக்காது. தண்ணீர் மோட்டார் காத்திருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு நேரக்கருவியைப் பொருத்தினால், நண்பகலில் ஏறிய தண்ணீர் மாலைவரை தொட்டியில் இருக்கும். இருப்பதிலேயே மலிவான பேட்டரி அந்த மாடித் தொட்டிதான். ஸ்கூட்டரும் காத்திருக்கும், ஆனால் பகலில் அது நிற்பது வீட்டில் அல்ல, தொழிற்சாலை நிறுத்துமிடத்தில். பிளக் அங்கே வேண்டும். காலை நேர கீசர் சுமையை பெங்களூரின் மொட்டைமாடிகளில் உள்ள சூரிய வெந்நீர்க் கலன்கள் ஏற்கெனவே ஓரளவு தாங்கிவருகின்றன.

பிரான்ஸ் இதை எப்போதோ புரிந்துகொண்டது. அங்கே பல ஆண்டுகளாக மலிவு நேரம் தொடங்கியதும் மீட்டரே சமிக்ஞை கொடுத்து வீட்டு வெந்நீர்த் தொட்டியை இயக்கிவிடுகிறது. யாரும் கடிகாரம் பார்த்து எழுந்திருப்பதில்லை. 2025 நவம்பர் முதல் அந்த மலிவு மணிகளில் ஒரு பகுதியை இரவிலிருந்து பிற்பகலுக்கு அங்கேயும் நகர்த்தத் தொடங்கிவிட்டார்கள். இலங்கை மின்சார சபை வைத்திருக்கும் நேரக் கட்டணம், விரும்பும் வீடுகள் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடாகவே வந்தது.

இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. முதலில் பகல் தள்ளுபடி. பிறகு மாலைச் சுமை. முதலில் காத்திருக்கும் சாதனங்கள். பிறகு, வேண்டுமானால், மற்றவை. இலவச வரம்புக்குள் இருப்பவருக்கும் பகலில் செலவிட்ட யூனிட்டுக்கு ஒரு சிறு பங்கு கையில் கிடைக்க வழி வேண்டும். அப்படி இல்லாவிட்டால் ஸ்மார்ட் மீட்டர் என்பது கட்டணத்தை ஏற்ற வந்த கருவி என்ற சந்தேகம்தான் வளரும்.

இரவு பத்து மணிக்கு சந்தாபுராவில் மோட்டார்கள் ஓய்கின்றன. மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் பாவகடாவில் மின்சாரம் வழியும்; இங்கே வீடுகள் பூட்டியிருக்கும். கட்டண அட்டவணையை எழுதுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பூட்டை.